நிரல் எழுதாதவர் போடும் கையெழுத்து

பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். மாணவரின் அட்டையை ஸ்கேன் செய்ததும் அவர் பெயர், இன்னும் திருப்பித் தராத புத்தகங்கள், கட்ட வேண்டிய அபராதம் எல்லாவற்றையும் காட்டும் மென்பொருள் எங்கள் கவுன்டரில் நாள் முழுக்க ஓடுகிறது. பெயர் கோஹா. இதற்கு நாங்கள் விலை கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் இன்னும் பல கல்லூரி நூலகங்களில் இதே கதைதான். இலவசமாகக் கிடைத்ததே என்ற சந்தோஷத்தோடு எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அதற்குமேல் ஒரு படி இருக்கிறது, அதில் கால் வைக்கக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோஹா எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் தலைநகரமான வெலிங்டனுக்கு வடக்கே லெவின் என்று ஓர் ஊர். அந்த ஊர் இருக்கும் ஹோரோஃபெனுவா வட்டாரத்தின் பொது நூலகங்களை ஓர் அறக்கட்டளை நடத்திவந்தது. 1999இல் உலகத்துக்கே வந்த பிரச்சினை அவர்களுக்கும் வந்தது. ஆண்டு 2000 பிறந்ததும் அவர்களுடைய பழைய மென்பொருள் தேதியில் தடுமாறும். வேறு வாங்கலாமென்றால், சந்தையில் இருந்தவை அந்தச் சின்ன நூலகத்துக்கு ஒத்துவரவில்லை. கிளை நூலகங்களைத் தொலைபேசி இணைப்பில் கோத்து நடத்த வேண்டிய கட்டாயம் வேறு. ஆகவே கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் புதிதாகவே எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே வேலை பார்த்த கிறிஸ் கார்மக் முதல் நிரல்களை எழுதினார். 2000 ஜனவரியின் தொடக்கத்தில் லெவின் நூலகத்தில் கோஹா ஓட ஆரம்பித்துவிட்டது.

காசு கொடுத்து எழுதி வாங்கிய பொருளை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வகுத்த உரிமம் அது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். மாற்றிக் கொடுப்பவர் அதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். இதில் தருமசிந்தனை மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, கணக்கும் இருக்கிறது. ஒரு சிற்றூர் நூலகம் தன்னந்தனியாக ஒரு மென்பொருளை எத்தனை காலம் பராமரிக்க முடியும்? நாலு பேர் பயன்படுத்தினால் நாலு பேர் பழுது பார்ப்பார்கள். அப்படியே நடந்தது. நூல் விவரங்களைப் பதிவதற்கு உலகெங்கும் நூலகர்கள் பின்பற்றும் மார்க் தரம் ஆரம்பகாலக் கோஹாவில் இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம் அதற்கு ஆதரவு கொடுத்தது. பிரான்சில் இருந்த பால் புலான் அந்த வேலையில் பெரும்பங்கு எடுத்துக்கொண்டார். நம் நாட்டுக்கும் கோஹா வந்து சேர்ந்தது: 2011இல் அதன் உலக மாநாடு மும்பையை ஒட்டிய தாணேயில் நடந்தது.

எங்கள் கல்லூரி இதற்கு மாறியது தாமதமாகத்தான். முன்னால் வைத்திருந்தது ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, பெயர் வேண்டாம். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டினோம். ஆனால் தமிழ்த் தலைப்புகளை அது ஏதோ ஒரு பழைய எழுத்துருவின் குறியீட்டில் சேமித்து வைத்திருந்தது. மாறும் நேரத்தில் தகவலை வெளியே எடுத்தபோது புதுமைப்பித்தனும் ஜானகிராமனும் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தார்கள். சேர்க்கை எண்ணை வைத்துப் பழைய பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிகிற மென்பொருளின் அருமை எனக்கு அப்போது தெரிந்தது.

ஒருநாள் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கவுன்டருக்கு வந்தான்.

“மேடம், கோஹா பெர்ல்லதான எழுதியிருக்காங்க? உங்களுக்கு பெர்ல் தெரியுமா?”

“தெரியாதுப்பா. எதுக்குக் கேக்குற?”

“அதோட கிட் ஹிஸ்டரில உங்க பேரு இருக்கு. நானும் பங்களிக்கணும்னு பாத்தேன், ஒண்ணும் புரியல. கோடிங்கே தெரியாம நீங்க எப்படி மேடம்?”

நியாயமான கேள்விதான். (கிட் என்பது நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பெயரோடு பதிந்து வைக்கும் கருவி.) கோஹாவைப் போன்ற திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிப்பது என்றால் யாருக்கும் புரியாத நிரலைத் தலைகீழாய்ப் படித்து, நாலு வரி எழுதி அனுப்பி, அது ஏற்கப்படுவது என்றே கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எழுதிய அந்த நாலு வரிக்குப் பிறகு என்ன ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை. என் போன்றவர்களுக்கு இடம் இருப்பது அங்கேதான்.

கோஹாவில் ஒரு திருத்தம் எப்படிப் பயணம் போகிறது என்று பாருங்கள். எங்கோ ஒரு நூலகர் ஒரு பிழையைக் கண்டுபிடித்து பக்ஸில்லா என்னும் பொதுப் பதிவேட்டில் எழுதுகிறார். அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. யாரோ ஒரு நிரலாளர் அதைச் சரிசெய்து, திருத்தத்தை அந்த எண்ணின் கீழ் இணைக்கிறார். உடனே அது கோஹாவுக்குள் போய்விடாது. ‘நீட்ஸ் சைன்ஆஃப்’ என்ற நிலையில் உட்கார்ந்திருக்கும். எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதை ஓட்டிப் பார்த்து, சொன்னபடி வேலை செய்கிறது என்று தன் பெயரைப் போட வேண்டும். பிறகு தரச் சோதனைக் குழுவில் ஒருவர் நிரலை வரிவரியாகப் படிப்பார். அவரும் ஒப்புக்கொண்டால், அந்தப் பருவத்தின் வெளியீட்டுப் பொறுப்பாளர் அதைச் சேர்த்துக்கொள்வார். மே மாதம் ஒன்று, நவம்பர் மாதம் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. பதிப்பின் எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 23.11 என்றால் 2023 நவம்பர்.

இந்த வரிசையில் திருத்தம் எழுதுவதற்கும் தரச் சோதனைக்கும் நிரல் தெரிந்தவர்கள் வேண்டும். நடுவில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு வேண்டியது நூலகம் தெரிந்தவர். ஆனால் கூட்டம் தேங்கி நிற்பதும் அங்கேதான். எழுதி முடித்த திருத்தங்கள் கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கின்றன. சில மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில். அதற்குள் சுற்றியுள்ள நிரல் மாறிவிட்டால் பழைய திருத்தம் பொருந்தாமல் போய், எழுதியவர் மறுபடி உட்கார வேண்டும். நிறைய பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

நான் முதலில் கையெழுத்துப் போட்டது மிகச் சின்னத் திருத்தம் ஒன்றுக்கு. ஓர் அட்டவணையில் தேதிப் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் வரிசை தப்பாக வந்துகொண்டிருந்தது. தேதியைத் தேதியாக எண்ணாமல் வெறும் எழுத்தாக எண்ணி அடுக்கியதால், டிசம்பர் 1க்கு அப்புறம் ஜனவரி 2 வந்து நின்றது. எந்த நூலகருக்கும் பார்த்த மாத்திரத்தில் எரிச்சல் வரும் பிழை. எழுதியவர் கீழேயே சோதனைத் திட்டத்தையும் கொடுத்திருந்தார். கோஹாவில் அது வழக்கம். இந்தத் திரைக்குப் போ, இதைச் சொடுக்கு, தவறான வரிசையைப் பார். பிறகு திருத்தத்தைப் போடு, மறுபடி சொடுக்கு, சரியாக வருகிறதா பார். சமையல் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் இதைச் செய்துவிடலாம்.

ஓட்டிப் பார்க்க நம் கல்லூரிக் கோஹாவைத் தொடக்கூடாது, தொடவும் தேவையில்லை. இதற்கென்றே ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. கோஹாவுக்குச் சேவை தரும் சில வெளிநாட்டு நிறுவனங்கள் அதைச் செலவில்லாமல் நடத்துகின்றன. உலாவியில் திறந்து, பிழை எண்ணையும் உங்கள் பெயர், மின்னஞ்சலையும் கொடுத்தால், சற்று நேரத்தில் தனியாக ஒரு கோஹா தயாராகிவிடும். அதற்குள் ஒரு கற்பனை ஊரே இருக்கிறது: மிட்வே, ஃபேர்வியூ, சென்டர்வில் என்று கிளைகள், எட்னா அகோஸ்டா, ஹென்றி அசெவெடோ என்று உறுப்பினர்கள். எட்னா அகோஸ்டாவின் பெயரில் உலகமெங்கும் எத்தனை ஆயிரம் முறை புத்தகம் வழங்கியிருப்பார்களோ! தாராளமாக எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். நம்மவர்களுக்குக் கணினி என்றாலே ‘எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ’ என்ற பயம் உண்டே, அது இங்கே தேவையில்லை.

திட்டத்தில் சொன்னபடி எல்லாம் சரியாக வந்தது. இருந்தாலும் கவுன்டரில் உட்கார்ந்த பழக்கம் சும்மா விடவில்லை. தேதியே இல்லாத வரிகள் எங்கே போகும் என்று பார்த்தேன். ஒரு தடவைகூட எடுக்கப்படாத புத்தகம் எந்த நூலகத்தில் இல்லை? எங்கள் நூலகத்தில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அந்த வரிகள் கீழே போகாமல் நடுவில் சிதறி நின்றன. என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரியில் எழுதினேன். எழுதியவர் நன்றி சொல்லி, திருத்தத்தையே திருத்தி மறுபடி இணைத்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சாண்ட்பாக்ஸிலேயே கையெழுத்திடும் வசதி இருக்கிறது. அதை அழுத்தியதும் திருத்தத்தின் அடியில் ‘சைன்டு ஆஃப் பை’ என்று என் பெயர் ஏறியது. அந்த மாணவன் பார்த்தது இந்த வரியைத்தான்.

நிரல் எழுதியவருக்கு அந்த வெற்றுத் தேதி ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். அவர் கவுன்டரில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். நூலகத்தில் எது சாதாரணம், எது அபூர்வம் என்பது அங்கே வேலை பார்ப்பவருக்கே தெரியும்.

கையெழுத்துப் போடும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 2003இல் எஸ்சிஓ என்ற அமெரிக்க நிறுவனம், தனக்குச் சொந்தமான நிரல் லினக்ஸுக்குள் புகுந்திருக்கிறது என்று நீதிமன்றம் போனது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்பதற்குத் தடயம் வேண்டும் என்று லினஸ் டோர்வால்ட்ஸும் மற்றவர்களும் உணர்ந்து, 2004இல் இந்தக் கையெழுத்து முறையைக் கொண்டுவந்தார்கள். ‘இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்பது அங்கே அதன் பொருள். கோஹாவில் ‘இதை நான் சோதித்துப் பார்த்தேன்’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது.

ஆகையால் சோதிக்காமல் போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எக்ஸ்இசட் என்று, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தது. 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்ன நல்ல திருத்தங்களோடு வந்து சேர்ந்தார். மெல்ல நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் பெற்று, 2024 தொடக்கத்தில் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழி ஒன்றைச் செருகிவிட்டார். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். எப்படி? தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று உறுத்தியதால். பாதுகாப்பு நிபுணர்களின் கண்ணில் படாதது, பயன்படுத்திப் பழகிய ஒருவரின் உறுத்தலில் சிக்கியது.

புதிதாக வருபவரை இந்தத் திட்டங்கள் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கின்றன என்று மாணவர்கள் கோபப்படுவதுண்டு. கோபம் வேண்டாம். இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று அக்டோபர் மாதத்தில் ஒரு நிகழ்ச்சி, டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு கொடுத்துவந்தார்கள். 2020இல் அந்த டி-ஷர்ட்டுக்காக முகப்புக் குறிப்புகளில் ‘அருமையான திட்டம்’ என்பது மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய கூத்து எல்லை மீறியது. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே கணக்கு என்று அமைப்பாளர்கள் விதியை நடுவிலேயே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் வேறு. செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் பயணம் வரைக்கும் பயன்பட்ட ‘கர்ல்’ மென்பொருளின் பராமரிப்பாளர் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்தே நேரம் போகிறது என்று பகிரங்கமாகவே சொல்லிவருகிறார். ஒரு பங்களிப்பு பெறுபவரின் வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? முதன்முதலாக அனுப்புமுன் நான் கேட்கச் சொல்வது இந்த ஒரு கேள்விதான்.

அந்த மாணவனையும் கோஹாவிலேயே கையெழுத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். பத்துப் பேர் எழுதிய திருத்தங்களைச் சோதித்தவனுக்கு, பதினோராவதைத் தானே எழுதும் தைரியம் வரும். ‘அகாடமி’ என்ற குறிச்சொல்லோடு புதியவர்களுக்கு ஏற்ற எளிய பிழைகளைப் பக்ஸில்லாவில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். வெலிங்டனில் கேட்டலிஸ்ட் என்ற நிறுவனம் பள்ளி மாணவர்களுக்கு நடத்திவந்த பயிற்சி முகாமில், பதின்ம வயதுப் பிள்ளைகள் கோஹாவுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மாணவன் கோஹாவின் திரையில் உள்ள ஒரு வாசகத்தைத் திருத்தி அனுப்பினான், அது திரும்பி வந்தது. ‘இஷ்யூ’ என்று எழுதியிருந்தான். கோஹாவின் திரைகளில் ‘செக்அவுட்’ என்றுதான் எழுத வேண்டும் என்று ஒரு பட்டியலே உண்டு. வேடிக்கை என்னவென்றால் உள்ளே தரவுத்தளத்தில் வழங்கிய புத்தகங்களைப் பதியும் அட்டவணையின் பெயர் இன்றும் ‘இஷ்யூஸ்’தான். மாற்றி அனுப்பினான், ஏற்றுக்கொண்டார்கள்.

நிரலும் வேண்டாம், சோதனையும் வேண்டாம் என்பவர்களுக்குக் கோஹாவின் கையேடு இருக்கிறது. அமெரிக்க நூலகர் நிக்கோல் எங்கார்ட் பல ஆண்டுகள் தொகுத்து வளர்த்த கையேடு, இப்போது கிட்லேப் தளத்தில் யாரும் திருத்தம் அனுப்பும்படி இருக்கிறது. நம் பக்கத்து அனுபவம் அதில் சேர வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். புதிதாகக் கோஹா நிறுவிய நூலகங்களிலிருந்து, தமிழில் தேடினால் புத்தகம் சரியாகக் கிடைக்கவில்லை என்று எனக்கு அழைப்பு வருவதுண்டு. உடனே அதைப் பிழை என்று பதிய நினைப்பார்கள். தேடலுக்குப் பின்னால் ஜீப்ரா என்ற அட்டவணைப்படுத்தும் கருவி இருக்கிறது. அதன் வழக்கமான அமைப்பு லத்தீன் எழுத்துகளை மனதில் வைத்தது. ஐசியு என்ற அமைப்புக்கு மாற்றி, மறுபடி அட்டவணைப்படுத்தினால் தமிழ் சரியாக வரும். தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம். தெரியாதவருக்கு, தமிழ் நூல்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் பதியும் அளவுக்குப் பெரிய தடை. தமிழ்த் தலைப்பை உதாரணமாகக் காட்டி இதைப் படிப்படியாக விளக்கும் ஒரு பத்தி, நூறு வரி நிரலைவிட எங்களுக்கு உபயோகம்.

கோஹா வைத்திருக்கும் நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் கோஹா பயிற்சிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நிறுவுவது எப்படி, பார்கோடு அடிப்பது எப்படி என்று இரண்டு நாள் நடத்திச் சான்றிதழும் கொடுக்கிறோம். இனிமேல் அதில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு திருத்தத்தைச் சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போகச் செய்யலாம். புத்தகம் வழங்குவது, பருவ இதழ்கள், நூற்பட்டியல் என நீங்கள் தினமும் புழங்கும் பகுதியையே தேர்ந்தெடுங்கள். சோதனைத் திட்டம் தெளிவாக உள்ள சின்னத் திருத்தமாகப் பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் பங்களிப்புதான். ‘வொர்க் ஆகல’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்தத் திரை, எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள். ஆங்கிலம் சுமாராக இருந்தால் போதும். அங்கே பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மே, நவம்பர் பதிப்புகளுக்குச் சில வாரம் முன்பே புதிய வசதிகளை ஏற்பது நின்றுவிடும். ஆகவே அதற்கு முந்தைய மாதங்களில் போடும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பக்ஸில்லாவில் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும். ஆனால் கையெழுத்தோடு அந்த முகவரியும் கிட் பதிவில் ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது. அதனால் வங்கிக்கும் வீட்டுக்கும் வைத்திருக்கும் முகவரியை விட்டுவிட்டு, இதற்கென்று தனியாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.